ஆணியில் தொங்கிய ரொட்டி

அத்தியாயம் 4

"சட்டம் தெரிஞ்ச ஆளுன்னுதானே உங்களைக் கூட்டிட்டு வந்தேன்? நீங்களும் அதே பாட்டைத்தான் பாடறீங்க!"

ஹோசியத் அக்கா மஸ்தூரா அக்காவைப் பார்த்துக் கத்திவிட்டு, கையிலிருந்த துடைப்பத்தை வீசி எறிந்தார். அது நேராக என் காலில் வந்து விழுந்தது. சமர்கந்தின் ஆகஸ்ட் வெயிலில் காலையிலேயே வெந்து போயிருந்த எனக்கு அது ஒன்றுதான் குறைச்சல்.

முற்றத்துக் கோடியில் இருந்த அறைக்குள் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். நின்றுகொண்டிருந்தோம் என்பது பேச்சுக்குத்தான். கால் வைக்க இடமில்லை. நீல நிற பிளாஸ்டிக் டிரம்கள், கதவில்லாத ஒரு குளிர்பெட்டி, காரட் சீவும் இயந்திரங்கள், இரும்புக் கட்டில், கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள். கூரை வரை அடுக்கியிருந்தது. எல்லாவற்றிலும் ஒரு பழைய வினிகர் வாசனை.

சொந்தக்காரர் அர்காதி ஹெகாய். எங்கள் ஊரில் தலைமுறையாக வாழும் கொரிய வம்சத்தவர். சந்தையில் வருஷக்கணக்காகக் காரட் ஊறல் விற்றவர். விதவையான ஹோசியத் அக்கா வீட்டில் இந்த அறையை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இலையுதிர்காலத்தில், "கொஞ்ச நாள்ல வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லிக் கிளம்பியவர்தான். போன் நம்பர் செத்துவிட்டது. ஆளையும் காணோம்.

"வியாழக்கிழமை பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க" என்றார் ஹோசியத் அக்கா. "மெத்தை, தலகாணி, பீரோ, திரைச்சீலை எல்லாம் எடுத்துட்டு வந்து பொண்ணோட ரூமை ஜோடிப்பாங்க. நான் குடுக்க வேண்டியது நாலு சுவரும் ஒரு தரையும். அதைக் குடுக்க எனக்கு வக்கில்லை! இந்த டிரம் மேலயா மெத்தை போடுவாங்க? திரும்பிப் போயிடுவாங்க. கல்யாணம் நின்னுடும். எம்புள்ளைக்கு அப்புறம் யாரு பொண்ணு குடுப்பா?"

"இன்னிக்கு செவ்வாய்" என்றேன் நான், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"தெரியும்! காலண்டர் எங்க வீட்டுலயும் இருக்கு!"

மஸ்தூரா அக்கா டிரம்களை எண்ணிக்கொண்டிருந்தார். கோர்ட்டில் அமீனாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்ப்பட்ட வீடுகளில் நுழைந்து சாமான்களை ஜப்தி செய்த கை. இப்போது ஆட்களையும் உண்மைகளையும் தேடிக் கொடுக்கும் தனித் தொழில். நான் தில்முரோத். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். இப்போது அவருக்கு வேன் ஓட்டி, கேமரா பிடித்து, திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். வேலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

"யார் யாரைப் போய்ப் பார்த்தீங்க? வரிசையாச் சொல்லுங்க" என்றார் மஸ்தூரா அக்கா.

"யாரைப் பார்க்கலைன்னு கேளுங்க! போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். 'திருட்டா?' இல்லைங்க. 'கண்டெடுத்த பொருளா?' இல்லைங்க. 'யாரோடதுன்னு தெரியுமா?' தெரியும்ங்க. 'அப்ப எங்ககிட்ட எதுக்கு வந்தே?'ன்னு கேக்கறான். என் பையன் வயசு இருக்கும் அவனுக்கு. எங்க பேட்டை மஹல்லா கமிட்டித் தலைவர் கிட்ட போனேன். அக்கம்பக்கத்துல ரெண்டு சாட்சி வெச்சு, ஒவ்வொண்ணா எழுதி, பத்திரமா வேற இடத்துக்கு மாத்தி வெச்சுக்கலாமாம். எந்த இடம்? அவரு தலை மேலயா? அதுல ஒரு டிரம் உடைஞ்சாக்கூட நான்தான் பொறுப்பாம்."

"வக்கீல்?"

"அந்த மகராசன் நேர்லயே வந்தார். ஹெகாய்க்குக் கெடு வெச்சு லெட்டர் போடுங்கன்னார். எந்த விலாசத்துக்கு? விலாசம் தெரிஞ்சா நானே போய் அந்தாளு சட்டையைப் பிடிக்க மாட்டேனா? இல்லைன்னா கோர்ட்டுல கேஸ் போட்டு 'சொந்தக்காரன் கைவிட்ட பொருள்'னு தீர்ப்பு வாங்கணுமாம். மாசக்கணக்குல ஆகுமாம். அதையும் சொல்லிட்டு, அண்ணாந்து பார்த்தார். அதைப் பார்த்ததும் கேஸும் கிடையாதுன்னுட்டார்."

ஹோசியத் அக்கா கை நீட்டிய இடத்தில், சன்னலுக்கு மேலே, ஆணியில் ஒரு ரொட்டி தொங்கியது.

வட்டமான, மினுமினுப்பான எங்கள் ஊர் ரொட்டி. வெள்ளைத் துணித் தூளியில் சாய்ந்திருந்தது. ஓரத்தில் ஒரே ஒரு கடி.

எங்கள் ஊரில் ரொட்டியை யாரும் கத்தியால் வெட்ட மாட்டோம். முழு ரொட்டியை வாயில் வைத்துக் கடிக்கவும் மாட்டோம். கையால் பிட்டுத்தான் தின்போம். கடிப்பது ஒரே ஒரு சமயத்தில்தான். தூர தேசம் போகிறவன் வாசலில் நின்று ஒரு வாய் கடிப்பான். மிச்சத்தை வீட்டில் இருப்பவர்கள் ஆணியில் மாட்டுவார்கள். அவன் திரும்பி வந்து, அவனே அதைத் தின்று முடிக்க வேண்டும். அதுவரை அந்த ரொட்டியைத் தொட எவனுக்கும் துணிச்சல் வராது. எனக்கும் வராது.

"வக்கீல் என்ன சொன்னார் தெரியுமா?" என்றார் ஹோசியத் அக்கா. "இந்த ரொட்டி தொங்கற வரைக்கும் கைவிட்ட பொருள்னு எந்த நீதிபதியும் ஒத்துக்க மாட்டார்னார். திரும்பி வருவேன்னு சொல்லிட்டுப் போனவன் பொருளைப் பத்திரமா வெச்சிருக்கறதைத் தவிர வேற வழியில்லைன்னார். எனக்கும் மனசு வரலை. அமானிதம் ஆச்சே, நம்பி விட்டுட்டுப் போன பொருளாச்சே. பாதகம் பண்ணிட்டு எம்புள்ளைக்குக் கல்யாணம் பண்ணினா விளங்குமா? அதனால வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை துணி மாத்தறேன். எந்த ஊர்ல இருந்தாலும் நல்லபடியா வந்து சேரட்டும்னு துஆ செய்யறேன். பாழாப் போறவன், வந்து தொலையட்டும்னும் சேர்த்தே சொல்லிக்கறேன்."

"ரொட்டியை யார் மாட்டினது?" என்றார் மஸ்தூரா அக்கா.

"அவராத்தான் மாட்டியிருப்பார். சாவி எம்புள்ளை ஸோஹித் கிட்டதான் இருந்துது. கோடை ஆரம்பத்துல காலி பண்ணலாம்னு கதவைத் திறந்தேன். ரொட்டி தொங்கிட்டு இருந்துது. 'ஏண்டா, இது ஹெகாய் மாட்டிட்டுப் போனதா?'ன்னேன். 'ஆமாம்மா'ன்னான்."

அந்த ஸோஹித் அப்போதுதான் தேநீர்க் கெண்டியும் ஒரு தட்டு ஆப்பிளுமாக வந்தான். மாப்பிள்ளை. இருபத்தைந்துக்குள் இருக்கும். குனிந்த தலை, நல்ல பையன். முன்பல் ஒன்றில் பாதி உடைந்திருந்தது.

"அம்மா, எதுக்கு இவ்வளவு அவசரம்? கல்யாணத்தைக் குளிர்காலத்துக்குத் தள்ளி வெச்சா..."

"தள்ளு, தள்ளு! உன்னைப் பெத்தப்ப நான் தள்ளிப் போட்டேனா?"

அவன் ஓர் ஆப்பிளை எடுத்துக் கடித்தான். பாதியிலேயே தட்டில் வைத்துவிட்டு வெளியே போனான். மஸ்தூரா அக்கா அந்த ஆப்பிளையே பார்த்தார். பசிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து நான் வேறொரு ஆப்பிளை எடுத்து நீட்டினேன்.

"நீயே தின்னு. வாய் சும்மா இருக்கும்" என்றார். பிறகு சன்னலடியில் ஒரு டிரம்மின் மேல் ஏறி, தூளிக்குள் எட்டிப் பார்த்தார். "தில்முரோத், உன் போனை எடு. நான் சொல்ற நம்பரைப் போடு."

"யாரோட நம்பர்?"

"ரொட்டியோட நம்பர்."

ரொட்டி சுடுகிறவர்கள் நடுவில் அச்சு குத்துவார்கள். பூ, நட்சத்திரம் என்று புள்ளி புள்ளியாக இருக்கும். சில பேர் ஒரு படி மேலே போய்ப் பூவைச் சுற்றித் தங்கள் போன் நம்பரையே குத்திவிடுவார்கள். இந்த ரொட்டியில் அப்படித்தான் இருந்தது. ரொட்டியைப் பார்த்து நம்பர் போட்டு விசாரணை நடத்திய ஆள், தெரிந்தவரை நான் ஒருவன்தான்.

"எத்தனை வேணும்?" என்றது ஒரு முரட்டுக் குரல்.

"அண்ணே, ஒரு பழைய ரொட்டியைப் பத்தி..."

"பழசைத் திரும்ப எடுக்கறதில்லை." வைத்துவிட்டான்.

மறுபடி போட்டேன். மறுபடி வைத்தான். மூன்றாவது தடவை என் பரம்பரையையும் சேர்த்துத் திட்டிவிட்டு வைத்தான்.

"வண்டியை எடு" என்றார் மஸ்தூரா அக்கா.

*

தந்தூர் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றால் ஆகஸ்ட் மாதம் குளிர்காலம் போல ஆகிவிடும். அந்த நம்பரைச் சொல்லி விசாரித்துக் கண்டுபிடித்த அடுப்பின் முன் நின்றவர், போனை வைத்த அதே முரட்டுக் குரல்காரர், தொர்ஸுன் அண்ணன். ஆள் தேக்குக் கட்டை மாதிரி இருந்தார். மஸ்தூரா அக்கா ரொட்டியின் படத்தைப் போனில் காட்டினார்.

"உங்க அச்சுதானே?"

"ஆமா. கல்லு இருந்துதா, முடி இருந்துதா? என்ன புகார்?"

"புகார் இல்லை. ருசி பிரமாதம்னு கேள்வி. இந்த நம்பர் ரொம்ப நாளா இருக்கா?"

அவ்வளவுதான். எந்தப் புண்ணில் கை வைத்தாரோ, தொர்ஸுன் அண்ணன் மாவுக் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டார்.

"ரொம்ப நாளா இருந்தது பழைய நம்பர்! அப்பா காலத்து நம்பர்! ஊர் முழுக்க மனப்பாடம்! இந்த மார்ச்சுல நவ்ரூஸ் பண்டிகை முடிஞ்ச கையோட என் தம்பி தனி அடுப்பு போடறேன்னு கிளம்பினான். போறவன் நம்பரையும் எடுத்துட்டுப் போயிட்டான். எங்கிட்ட கேட்டானா? கேக்கலை. அதுக்கப்புறம்தான் இந்தப் புது நம்பர், புது அச்சு. இந்த வசந்தத்துல செஞ்சது. பாதிப் பேர் இன்னும் அவனுக்குத்தான் போன் போடறாங்க. நீங்களே சொல்லுங்க அக்கா, அண்ணன்னு ஒருத்தன் இருக்கறப்ப..."

அண்ணன் தம்பி வழக்கு முழுவதையும் கேட்டு, ரெண்டு ரொட்டி வாங்கி, தம்பியை நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் வெளியே வர முடிந்தது. வேனில் ஏறியதும் எனக்குப் பொறி தட்டியது.

"அக்கா! ரொட்டி இந்த வருஷ வசந்தத்துல சுட்டது. ஹெகாய் போனது போன வருஷத்துக்கு முந்தின வருஷம். அப்படின்னா..."

"அப்படின்னா?"

"அந்தாளு ரகசியமாத் திரும்பி வந்திருக்கார்! ராத்திரியோட ராத்திரியா வந்து, டிரம்முக்குள்ள எதையோ ஒளிச்சு வெச்சுட்டு, ரொட்டியைக் கடிச்சு மாட்டிட்டு..."

"டிரம்முல கடத்தல் தங்கம். அப்படித்தானே?"

"இருக்கலாமில்லையா?"

"கடத்தல்காரன் வந்த அடையாளத்தை ஆணியில மாட்டிட்டுப் போவானா? உன் கற்பனையை வீடியோக் கடையோடயே வித்துட்டு வந்திருக்கலாம் நீ. சந்தைக்கு விடு."

*

சந்தையில் ஊறல் வரிசை. குன்று குன்றாக ஆரஞ்சு நிறக் காரட், முட்டைக்கோஸ், காளான். ஹெகாயின் பழைய கடைக்குப் பக்கத்துக் கடை ஸோயாவுடையது. ஹெகாயின் ஒன்றுவிட்ட தங்கை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம். ஸோயாவோ எங்களைப் பார்த்ததும் வாயைத் தைத்துக்கொண்டாள்.

"தெரியாது. நம்பர் இல்லை. அவர் யாருன்னே மறந்து போச்சு."

"சொந்த அண்ணனையா?"

"ஒன்றுவிட்டவர்தானே. சீக்கிரம் மறந்துடும்."

மஸ்தூரா அக்கா காரட் ஊறல் ஒரு பொட்டலம் வாங்கினார். என் கையில் கொடுத்தார். "சாப்பிடு." காளான் வாங்கினார். "சாப்பிடு." பூண்டு வாங்கினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. நாலாவதாக மிளகாயில் ஊறிய முட்டைக்கோஸை நீட்டியபோது ஸோயாவுக்கே மனசு இளகிவிட்டது.

"ஐயோ, அந்த மனுஷனை விடுங்க! என்னதான் வேணும் உங்களுக்கு?"

"உங்க அண்ணன் சாமானால ஒரு கல்யாணம் நிக்கப் போகுது. அவர் வாயால ஒரு வார்த்தை போதும். 'வேணும்'னா வந்து எடுக்கட்டும். 'வேண்டாம்'னா வேண்டாம்னு சொல்லட்டும். சட்டத்துல இதை விடச் சின்ன வழி கிடையாது. நான் பிடிச்சுக்கிட்டுப் போக மாட்டேன். நான் இப்ப அமீனா இல்லை."

ஸோயா பெருமூச்சு விட்டு, தன் போனிலேயே வீடியோ அழைப்புப் போட்டாள். திரையில் நரைத்த தலை ஒன்று தெரிந்தது. தென்கொரியாவில் ஏதோ தொழிற்சாலை உணவுக்கூடம் போலிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் ஹெகாய் கரண்டியைக் கீழே போட்டார்.

"இன்னும் அங்கயா கிடக்கு? நான்தான் போன குளிர்காலமே சொல்லிட்டேனே! வித்துக்கோங்க, யாருக்காவது குடுங்க, இல்லை கொளுத்துங்கன்னு!"

எனக்கு வாயில் இருந்த காரட் தொண்டையில் நின்றது.

"யார்கிட்ட சொன்னீங்க?" என்றார் மஸ்தூரா அக்கா.

"அந்தப் பையன்கிட்டதான். ஸோஹித். அவன் அம்மாகிட்டயும் ஒரு வார்த்தை பேசறேன்னு கேட்டேன். வேண்டாம் மாமா, நானே சொல்லிக்கறேன்னான்."

"சரி. நீங்க கிளம்பறப்ப ரொட்டி கடிச்சு மாட்டிட்டுப் போனீங்களா?"

ஹெகாய் சிரித்தார். "எங்க ஆளுங்ககிட்ட அந்தப் பழக்கம் ஏதும்மா? எனக்கு ரொட்டி மாட்டி வெச்சுக் காத்திருக்க யார் இருக்கா? அதுவும் எங்க ஊர் ரொட்டியை, இந்தப் பல்லை வெச்சுக்கிட்டு..." என்று சொல்லி, மேல்வரிசைப் பல்செட்டை அப்படியே கழற்றிக் கேமரா முன்னால் ஆட்டினார். கல்யாண ஊர்வலங்களைப் படம் எடுத்த என் கை, அதையும் பதிவு செய்தது.

பிறகு மஸ்தூரா அக்கா சொல்லிக் கொடுக்க, அவர் பல்லை மாட்டிக்கொண்டு தெளிவாகச் சொன்னார். நான் அர்காதி ஹெகாய், ஹோசியத் வீட்டில் விட்டு வந்த சாமான் எதுவும் எனக்கு வேண்டாம், அவர் இஷ்டப்படி செய்துகொள்ளலாம், பின்னால் நான் எதுவும் கேட்க மாட்டேன். பெயர், தேதி, முகம் எல்லாம் பதிவாயிற்று.

"அவ்வளவுதானே? சரி, ஸோஹித்துக்கு என்னோட சலாம் சொல்லுங்க. கெட்டிக்காரப் பையன். நான் சொல்லிக் குடுத்த பாஷையை விட நல்லாப் பேசறான். பரீட்சையில..." சட்டென்று நிறுத்தினார். "ஒண்ணுமில்லை. மணி அடிச்சுட்டாங்க." திரை இருண்டது.

"கேஸ் முடிஞ்சுது!" என்றேன். "மூணு ஆபீஸ் ஏறி இறங்கி முடியாததை ஒரு பல்செட்டு முடிச்சுது!"

மஸ்தூரா அக்கா முகத்தில் கடுப்பு. "சாமான் கேஸ் முடிஞ்சுது. அந்தம்மா கேஸ் இப்பத்தான் ஆரம்பிக்குது. ஹெகாய் கடிக்கலைன்னா, அந்த ரொட்டியைக் கடிச்சது யாரு?"

*

திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஹோசியத் அக்கா முற்றத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "வாங்க, தாராளமா வாங்க, எல்லாம் தயாரா இருக்கு" என்று பெண்ணின் தாய்மாமனிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் அந்த இடைவெளியில் அறைக்குள் நுழைந்தோம்.

மஸ்தூரா அக்கா டிரம்களுக்குப் பின்னால் புகுந்தார். நானும் வயிற்றை எக்கிக்கொண்டு புகுந்தேன். அடுக்குக்குப் பின்னால், சன்னலை ஒட்டி, ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்தது. தூசி தட்டிய ஸ்டூல். கவிழ்த்த பெட்டியின் மேல் மேஜை விளக்கு. சுவரில் பென்சிலால் கொரிய எழுத்துகள், குழந்தைகள் அரிச்சுவடி எழுதுவது போல வரிசை வரிசையாக.

"அடப்பாவி" என்றேன். "ஸோஹித் சாமானைக் காவல் காக்கலை. சாமான் இவனைக் காவல் காத்திருக்கு!"

"மெதுவாப் பேசு. இனி நான் சொல்ற வரைக்கும் பேசவே பேசாதே."

வெளியே வந்து, ஹோசியத் அக்காவிடம் ஹெகாயின் பதிவைப் போட்டுக் காட்டினார். ஸோஹித்திடம் முன்பே சொன்னதாக ஹெகாய் பேசியது அதில் இல்லை. கடைசியில் எடுத்த சம்மதம் மட்டும்தான். ஸோஹித் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

ஹோசியத் அக்கா பதிவு முடியும் வரைகூடக் காத்திருக்கவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்! வேண்டாம்னுட்டாரு! வாயாலயே சொல்லிட்டாரு! தம்பி, வண்டியை உள்ள விடு. எல்லாத்தையும் ஏத்து. ஸோஹித், எழுந்திரு, டிரம்மைத் தூக்கு!" என்று அறைக்குள் ஓடினார். வாசலில் கிடந்த ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, ஆணியிலிருந்து தூளியைக் கழற்றினார். "வர மாட்டேன்னு சொன்னவனுக்கு ரொட்டி எதுக்கு? உடைச்சுக் குருவிக்குப் போட்டா புண்ணியமாவது மிஞ்சும்."

ரொட்டியை இரண்டு கையாலும் பிடித்தார்.

"அம்மா! உடைக்காதே! அதை உடைக்காதேம்மா!"

ஸோஹித்தின் அலறல் தெருவுக்கே கேட்டிருக்கும். பாய்ந்து வந்து தாயின் கையைப் பிடித்துக்கொண்டான்.

மஸ்தூரா அக்கா அசையாமல் நின்றார். இதற்காகத்தான் அந்தம்மாவை ஸ்டூல் ஏற விட்டார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"விடுடா. ஹெகாய் வரப் போறதில்லை. அவர் ரொட்டியை உடைச்சா உனக்கென்ன?"

"அது அவர் ரொட்டி இல்லை" என்றார் மஸ்தூரா அக்கா மெதுவாக. "அது இந்த வசந்தத்துல சுட்ட ரொட்டி. ஹெகாய்க்கு மேல் வரிசையில பல்லே கிடையாது. அந்தக் கடியைப் பாருங்க. நடுவுல ஒரு மேடு நிக்குது, கடிச்சவரோட முன்பல் பாதி இல்லாத மாதிரி. காலையில உங்க பிள்ளை பாதி தின்னுட்டு வெச்ச ஆப்பிள்லயும் அதே மேடு."

ஹோசியத் அக்கா ரொட்டியைப் பார்த்தார். மகனின் வாயைப் பார்த்தார். ஸ்டூல் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எங்கடா போறே?"

"கொரியாவுக்கும்மா. பாஷைப் பரீட்சை பாஸ் பண்ணிட்டேன். கப்பல் கட்டற இடத்துல ரெண்டு வருஷ வேலை. அடுத்த மாசம் கிளம்பச் சொல்லியிருக்காங்க. நவ்ரூஸ் முடிஞ்சு நீ கல்யாணம் பேசி முடிச்சுட்டு வந்த அன்னிக்கே சொல்ல நினைச்சேன். நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. வாய் வரலை." அவன் மூக்கை உறிஞ்சினான். "அன்னிக்குத்தான் ரொட்டியைக் கடிச்சேன். மாட்டி வெக்க ஒரு ஆள் வேணுமில்லையா? நீ மாட்ட மாட்டேன்னு தெரியும். அதான் நானே மாட்டினேன். ஹெகாய் மாமாதான்னு நீயே சொன்னே. நான் ஆமான்னுட்டேன். அவ்வளவுதான் பொய்."

"அவ்வளவுதானா? டேய், பொண்ணு? அவளுக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை. நல்ல பொண்ணு. அதனாலதாம்மா சொல்றேன். ஹெகாய் மாமா டிரம்மை விட்டுட்டுப் போன மாதிரி, ஒரு பொண்ணைக் கட்டி இந்த ரூமுல விட்டுட்டுப் போகச் சொல்றியா? கொஞ்ச நாள்ல வர்றேன்னு சொல்லிட்டு?"

ஹோசியத் அக்கா எட்டி அவன் முதுகில் ஓர் அறை வைத்தார். நியாயமான அறைதான். எனக்கே ஒன்று வைக்க வேண்டும் போலிருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போலீஸும் வக்கீலும் பூண்டு ஊறலும் இல்லாமல் போயிருக்கும்.

இன்னொரு அறைக்கு ஓங்கிய கை பாதியில் நின்றது.

"எத்தனை வெள்ளிக்கிழமைடா" என்றார். "எவனோ ஒருத்தன் நல்லபடியா வந்து சேரட்டும்னு, எத்தனை வெள்ளிக்கிழமை துஆ செஞ்சேன். எனக்குத் தெரியாமப் போச்சே. பாழாப் போறவன்னு வேற சொன்னேனே."

சொல்லிவிட்டு அழுதார். நாங்கள் மூன்று பேரும் டிரம்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். கெண்டியிலிருந்து ஒரு கிண்ணத்தில் தேநீர் ஊற்றினார். பக்கத்தில் ரொட்டியை வைத்தார்.

"நனைச்சுத் தின்னு" என்றார் மகனிடம். "நீ கடிச்ச ரொட்டி. நீயே தின்னு முடி. முடிச்சுட்டா வந்து சேர்ந்த கணக்கு. அப்புறம் நீ எங்கயும் போக வேண்டாம்."

எங்களுக்கு அதன் பொருள் தெரியும். ஸோஹித்துக்கும் தெரியும். அவன் கிண்ணத்தைப் பார்த்தான், தாயைப் பார்த்தான். ஏதாவது கேலி பேசி இந்த இடத்தைக் கடந்துவிடலாம் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

"நீ தின்னச் சொன்னா தின்னுடறேம்மா" என்று உட்கார்ந்தான். கல்லாய் இறுகிப் போன ரொட்டியை எடுத்துத் தேநீரில் நனைக்கப் போனான்.

அது தேநீரைத் தொடுவதற்குள் ஹோசியத் அக்கா பிடுங்கிக்கொண்டார்.

"பிடிக்காமத் தின்னா உடம்புல ஒட்டாது" என்றார். கிண்ணத்துத் தேநீரைத் தானே ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ரொட்டியோடு தன் அறைக்குள் போனார். உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டது. ஆணி நேராக இறங்கவில்லை போலிருக்கிறது. ரொம்ப நேரம் அடித்தார்.

நடுவில் அவர் போன் மறுபடி மணி அடித்தது. தாய்மாமன். சுத்தியலும் கையுமாக வெளியே வந்து எடுத்தார்.

"ஆமாம், ரூம் காலியாயிடும். ஆனா வியாழக்கிழமை நீங்க வர வேண்டாம். நானே நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றேன்... இல்லைங்க, போன்ல சொல்ற விஷயம் இல்லை. நான் தலை குனிஞ்சு சொல்ல வேண்டிய விஷயம். பொண்ணும் கூட இருக்கட்டும். ரெண்டு வருஷம் காத்திருக்கறதா வேண்டாமான்னு அவதான் சொல்லணும்." மறுமுனை கத்தியது. அவர் கேட்டுக்கொண்டே நின்று, ஒரு கட்டத்தில் அணைத்துவிட்டார்.

பிறகு மஸ்தூரா அக்கா பக்கம் திரும்பினார். கண் சிவந்திருந்தது. கோபம் இன்னும் தீரவில்லை.

"சட்டம் தெரிஞ்சவங்கதானே நீங்க? இன்னும் ஒண்ணு கேக்கறேன். திரும்பி வருவேன்னு ஒருத்தன் வீட்டுல விட்டுட்டுப் போற பொருளை என்ன பண்ணணும்?"

"பத்திரமா வெச்சிருக்கணும்" என்றார் மஸ்தூரா அக்கா. "வேற வழி கிடையாது."

"எத்தனை நாளைக்கு?"

"அவன் வர்ற வரைக்கும்."

ஹோசியத் அக்கா தலையாட்டினார். துடைப்பத்தை எடுத்து என்னைப் பார்த்து, "என்ன தம்பி நின்னுட்டிருக்கே? டிரம்மைத் தூக்கு" என்று அதட்டிவிட்டு, அறையைப் பெருக்கப் போனார். வெள்ளிக்கிழமை ரொட்டிக்கு மாற்ற வேண்டிய துணி அவர் தோளில் கிடந்தது.